கதவை அறைந்து சாத்தியது யார்

பிஷ்கெக்
12 அக்டோபர் 2012

பூருல் அக்காவுக்கு,

தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். இந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று பயந்துதான் உறையின் மேல் முகவரியை பெர்மெத்தை விட்டு எழுதச் சொன்னேன். தம்பி மகள் கையெழுத்தை எரிக்க உங்களுக்கு மனம் வராது. இது தந்திரம்தான். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி மெலிஸ் இறந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. போம் பள்ளத்தாக்கில் அன்றைக்கு வண்டியை ஓட்டியவள் நான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நகரத்தில் மின்சார டிராலிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், அதே பணிமனையில் உதிரிபாக அறையில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான்கு மாதமாக ஒரு டாக்டரிடம் போகிறேன். மீரிம் என்று பெயர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பயம் நினைவில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் ஒரு சின்ன மாத்திரையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார். அவ்வளவுதான் வைத்தியம். முதல் முறை நான் சிரித்தேன். "இதைத்தான் ஒன்பது வருஷமா தினமும் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன் டாக்டர்" என்றேன். "தெரியும். இப்ப படபடப்பு இல்லாம சொல்லுங்க, அதுதான் வித்தியாசம்" என்றார்.

போன வாரம், "நாரின்ல உங்க நாத்தனார் வீட்டு வாசல்ல இருந்து ஆரம்பிங்க" என்றார். சொன்னேன். நானும் மெலிஸும் சாவிக்குச் சண்டை போட்டதை, நான் கார் கதவை அறைந்து சாத்தியதை, பெர்மெத் வாசலில் நின்று வாயைத் திறந்து அழுததை, மேல்வரிசையில் அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லாததை.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப குழந்தைக்கு என்ன வயசு?"

"மூணு."

"மூணு வயசுல முன்பல் விழுந்துடுச்சா? எங்கயாவது விழுந்து உடைச்சுக்கிட்டாளா?"

"இல்லையே. ஸ்கூல்ல சேர்ந்த வருஷம்தான்..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே உறைத்தது.

அக்கா, அந்த வாசல் காட்சியை நேற்று நடந்ததுபோல் பார்க்கிறேன். ஆனால் அதில் நிற்பது மூன்று வயதுக் குழந்தை இல்லை. அப்படியானால் அதில் மிச்சமெல்லாம் என்ன? சண்டை? கதவு?

அன்று காலை அங்கே இருந்த ஒரே பெரியவர் நீங்கள். நீங்கள் கண்டதை எனக்கு எழுதுங்கள். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் சரி.

அனார்குல்

~

நாரின்
3 நவம்பர் 2012

அனார்குலுக்கு,

கடிதம் கிடைத்தது. பெர்மெத்தின் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. நிமிர்த்தி எழுதச் சொல்.

நீ உன் நினைவைச் சந்தேகப்படுவது உன் சௌகரியம். என்னுடையதைச் சந்தேகப்பட வேண்டாம். முப்பத்தொரு வருடம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள் நான். எண்பத்திரண்டாம் வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் யார், என்ன மதிப்பெண் வாங்கினான் என்று இன்றும் சொல்வேன்.

கேட்டாய், சொல்கிறேன். ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை. பெர்மெத்தை ஒரு வாரம் என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் பிஷ்கெக்குக்குக் கிளம்பினீர்கள். மெலிஸ், "சாவியைக் குடு" என்றான். நீ, "ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டுறேன், உன்னை ஒருத்தனை ஏத்திக்கிட்டு ஓட்டத் தெரியாதா எனக்கு?" என்று கத்தினாய். ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாய். என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை அழுதது. மதியம், வழியில் பாலிக்சி தபால் நிலையத்திலிருந்து மெலிஸ் எனக்குப் போன் பண்ணினான். "அக்கா, இவ இன்னும் கோபமாத்தான் இருக்கா. வண்டியைத் தர மாட்டேங்கிறா." என் தம்பி என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்தில் அவன் சூ நதிக்குள் கிடந்தான்.

சாலையில் பாறை உருண்டு கிடந்தது என்று போலீஸ் எழுதியது. கிடந்திருக்கும். நிதானமாக ஓட்டுகிறவள் பாறையைக் கண்டதும் நிறுத்தியிருப்பாள்.

டாக்டர் சொன்னார், பல் விழுந்தது என்றெல்லாம் சொல்லி இதிலிருந்து நழுவப் பார்க்காதே. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று. எதையும் நம்புவதற்கு முன், அதைக் கண்ணால் பார்த்தவர் அந்த நாளிலேயே எழுதி வைத்தாரா என்று கேள். எழுதி வைத்திருக்கிறேன். மெலிஸை அடக்கம் செய்த மறுநாள் நூர்தினுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் நோவோசிபிர்ஸ்கில் வேலையில் இருந்தான், அண்ணனை அடக்கம் செய்ய வந்து சேர முடியவில்லை. அவன் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லி இன்றே எழுதுகிறேன். வந்ததும் உனக்கு அனுப்புகிறேன். உன் டாக்டரிடமே காட்டு.

பூருல்

~

பிஷ்கெக்
25 நவம்பர் 2012

பூருல் அக்கா,

நீங்கள் பதில் எழுதியதே எனக்குப் போதும். திட்டி எழுதினாலும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெர்மெத் இப்போது ஒரு தாளில் வரிசையாக நிமிர்ந்த எழுத்துகளைப் போட்டுப் பழகுகிறாள். "அத்தை இங்க இருந்தா தினமும் அடிதான்" என்று சிரிக்கிறாள். அவள் சிரிக்கும்போது மெலிஸைப் போலவே இடது புருவம் மட்டும் மேலே போகிறது. நீங்கள் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியதும் எனக்கு ஞாபகம் இருப்பதும் ஒன்றேதான் அக்கா. வார்த்தைக்கு வார்த்தை. "ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டுறேன்" என்று நான் கத்தியது உட்பட. எனக்கு அழுகை வந்தது, ஆனால் ஒரு விதத்தில் நிம்மதியும் வந்தது. குற்றம் செய்தவள் என்றாலும் பைத்தியக்காரி இல்லையே என்று.

கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா, அது நடந்திருக்கலாம். இல்லேன்னா ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டிருக்கலாம். இதை முதல்ல யார் யாருக்குச் சொன்னாங்க?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். விபத்துக்குப் பிறகு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், தலையிலும் இடுப்பிலும் அடி. கண் விழித்தபோது அந்த நாளே என்னிடம் இல்லை. பாறையும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் இருந்தன. நாரினை விட்டுக் கிளம்பியதே நினைவில்லை. ஜூலை கடைசியில் நீங்கள் வந்து கட்டிலோரம் நின்றீர்கள். "என்னடி பண்ணின அவனை? கோபத்துல ஓட்டினியா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் காலை எனக்கு வர ஆரம்பித்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு வாசல். பிறகு கதவு.

இதை உங்கள் மேல் பழியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் சொல்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நினைவு என்றால் பெட்டியில் வைத்த துணி, எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்து வைக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் சொல்கிறார், ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது அது கொஞ்ச நேரம் இளகிவிடுகிறது, பிறகுதான் திரும்ப இறுகுகிறது. இளகியிருக்கும்போது பக்கத்தில் எது இருக்கிறதோ, பயமோ, கோபமோ, யாரோ சொன்ன ஒரு வார்த்தையோ, அதுவும் உள்ளே சேர்ந்து இறுகிவிடலாம். "அப்ப இது பெரிய குறை இல்லையா?" என்றேன். "குறைன்னு சொல்லாதீங்க. இது இளகாட்டி நான் உங்களுக்கு எப்படி வைத்தியம் பண்றது?" என்றார்.

உண்மைதான் அக்கா. பாறையைப் பற்றி ஆறு முறை சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் பாறை என்று நினைத்தாலே மூச்சு நின்றுவிடும். இப்போது அது பாறையாக மட்டும் இருக்கிறது. அதே இடத்தில், அதே அளவில். என் நெஞ்சின் மேல் ஏறி உட்காருவதில்லை. ஒரு மாத்திரையும் ஒரு நாற்காலியும் பொறுமையான ஒரு பெண்ணும் சேர்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். மனித மண்டைக்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை நினைத்தால் டிராலிபஸ் எல்லாம் என்ன பெரிய இயந்திரம் என்று தோன்றுகிறது.

நூர்தினின் கடிதம் வந்தால் அனுப்புங்கள். எதுவாக இருந்தாலும் படிப்பேன்.

அனார்குல்

~

பிஷ்கெக்
2 பிப்ரவரி 2013

அக்கா,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாரினில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? நிலக்கரி போதுமான அளவு இருக்கிறதா?

நூர்தின் புது வருடத்தன்று பெர்மெத்துக்குப் போன் செய்தான், என்னிடமும் பேசினான். உங்கள் பழைய கடிதத்தை டிசம்பரிலேயே உங்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "அண்ணி, அக்காவே எழுதட்டும்" என்றான்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் போதும்.

அனார்குல்

~

நாரின்
20 பிப்ரவரி 2013

அனார்குல்,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நிலக்கரியும் இருக்கிறது.

கடிதம் டிசம்பர் பதினெட்டாம் தேதி வந்தது. அறுபத்து நான்கு நாள் என்னிடமே வைத்திருந்தேன். அதில் முதல் இரண்டு வாரம் இது என் கையெழுத்தே இல்லை என்று சாதித்துப் பார்த்தேன். பழைய வகுப்புப் பதிவேட்டை எடுத்து எழுத்தை எழுத்தோடு வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான். அப்புறம் ஒரு நாள் அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். உன் முதல் கடிதத்தில் என்னைப் பற்றி நீ பயந்தது சரிதான். எனக்கு அந்தப் புத்தி உண்டு. எரித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, நூர்தின் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் முப்பத்தொரு வருடம் எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்து, "நீ சொல்றது இருக்கட்டும், அன்னைக்கு எழுதினது என்ன சொல்லுது?" என்று கேட்டிருக்கிறேன். கதவை மூடிவிட்டேன்.

அசல் என்னிடம் இருக்கிறது. உனக்குத் தேவையான பகுதியை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே எழுதுகிறேன். தேதி, ஜூன் 12, 2003.

"அன்புத் தம்பி நூர்தின், நேற்று மெலிஸை அடக்கம் செய்துவிட்டோம். நீ வரவில்லை என்று யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை இங்கிருந்துதான் கிளம்பினார்கள். மெலிஸுக்கு இடது கண்ணில் கட்டி வந்து வீங்கி மூடியிருந்தது. அதனால் அவனே சாவியை அனார்குலிடம் கொடுத்தான். 'பொண்டாட்டி ஓட்டட்டும், நான் அரசாள்ற கான் மாதிரி சாஞ்சுக்கிட்டு வரேன்' என்று சிரித்தான். அவள் ரொட்டிப் பையை அவன் மடியில் வைத்து, 'கான் இதைப் பிடிச்சுக்கட்டும்' என்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் அழும் என்று அனார்குல் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டு, கார் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். மதியம் பாலிக்சியிலிருந்து மெலிஸ் பேசினான். 'அக்கா, வறுத்த மீன் சாப்பிட்டோம். இவ பாடிக்கிட்டே ஓட்டுறா. ஆடெல்லாம் பயந்து ரோட்டை விட்டு ஓடுது.' அதுதான் அவன் குரலை நான் கேட்டது. பாவம் அந்தப் பெண், இன்னும் மயக்கத்தில் கிடக்கிறாள். அவனை மண்ணில் வைத்தது அவளுக்குத் தெரியாது. நீ வந்தால் என்னைப் பார்க்க வராதே, முதலில் அவளைப் போய்ப் பார்."

இவ்வளவுதான். படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

எப்படி இது மாறியது என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். ஏழாம் நாள் சைரா சித்தி, "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டாள். "யாருக்குத் தெரியும்" என்றேன். ஏன் "இல்லை" என்று சொல்லவில்லை? தெரியவில்லை. அவன் செத்துவிட்டான், நீ உயிரோடு இருந்தாய். அந்தக் கோபம் எனக்கு எங்காவது போக வேண்டியிருந்தது. நாற்பதாம் நாள், "ஏதோ சாவிக்குப் பேச்சு நடந்துச்சு" என்றேன். சாவியைப் பற்றிப் பேச்சு நடந்தது உண்மைதானே. முதல் வருட நினைவு விருந்தில் நான் சொன்ன கதையில் நீ கத்தினாய். இரண்டாம் வருடம், நீயும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, நீ கத்திய வாக்கியமே எனக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வந்திருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், அழுதார்கள். அவர்கள் அழ அழ அது உறுதியாயிற்று. உன் டாக்டர் சொல்வது சரி. நாற்பது பேர் அழுகிற இடத்தில் ஒன்றை வெளியே எடுத்து வைத்தால் அது எடுத்தபடியே உள்ளே திரும்பாது.

நான் பொய் சொல்லவில்லை அனார்குல். எனக்குப் பயமே அதுதான். பொய் சொல்கிறவளுக்கு உண்மை எது என்று தெரிந்திருக்கும். இப்போதும், இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, நீ கதவை அறைவதை என்னால் பார்க்க முடிகிறது.

ஆனால் அந்தக் கதவு எது என்று கண்டுபிடித்துவிட்டேன். உன் பல் விழுந்த குழந்தைதான் காட்டிக்கொடுத்தது. இரண்டாயிரத்து ஆறு, ஜூன். மூன்றாம் வருட நினைவு நாளுக்கு நீ பெர்மெத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாய். வாசலில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க, "என் தம்பியைத் தின்னவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றேன். குழந்தை வாயைத் திறந்து அழுதாள். அவளுக்கு முன்பல் இல்லை. நான் கதவை அறைந்து சாத்தினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கதவை அறைந்தது நான். ஆறு வருடமாக அதை உன் கையில் வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீயும் அப்படியே வாங்கிக்கொண்டாய்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் சின்னதாகிவிடும்.

பூருல்

~

பிஷ்கெக்
11 மார்ச் 2013

பூருல் அக்கா,

உங்கள் கடிதத்தை உதிரிபாக அறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு ஒரு பெட்டி நட்டைக் கீழே கொட்டிவிட்டேன். வேண்டுமென்றேதான். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "என்ன ஆச்சு?" "ஒண்ணுமில்ல, கை தவறிடுச்சு." உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கி முடிக்கும்வரை உங்களைத் திட்டினேன். உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத வார்த்தைகள் எல்லாம்.

ஒன்பது வருடம் அக்கா. பெர்மெத், "அம்மா, நீதான் அப்பாவை..." என்று ஒரு முறை பாதியில் நிறுத்தினாளே, அதைத் திருப்பித் தர முடியுமா உங்களால்? அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை. நானே சொல்லியிருப்பேன், தூக்கத்தில்.

அந்த வாரம் முழுக்க எழுதவில்லை. இரண்டாம் வாரம் ஒன்று தோன்றியது. அடுப்புக் கதவு திறந்திருந்தது. எதிரே நீங்கள் மட்டும். அந்தத் தாளை உள்ளே போட்டிருந்தால், நான் சாகும்வரை குற்றவாளியாகவும் நீங்கள் சாகும்வரை பாதிக்கப்பட்டவராகவும் சௌகரியமாக இருந்திருக்கலாம். உங்கள் நினைவு உங்கள் பக்கம்தானே நின்றது. என் நினைவுகூட உங்கள் பக்கம்தான் நின்றது. எதிர்ப்பக்கம் இருந்தது மங்கிப் போன ஒரே ஒரு தாள். அந்தத் தாளின் பேச்சைக் கேட்டு உங்கள் கண்களையே நம்ப மாட்டேன் என்று சொன்னீர்களே! எனக்குத் தெரிந்து வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை.

டாக்டர் மீரிமிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அதைத் திரும்ப மடித்துத் தந்தார். "உங்க நாத்தனாரை ஒரு தடவை பார்க்கணும். நாங்க வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றதை அவங்க தனியா சமையலறையில உட்கார்ந்து கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன், வெட்கத்தை விட்டு. "டாக்டர், இளகியிருக்கும்போதே அந்தப் பாட்டை உள்ள வெச்சிடுங்களேன். நான் பாடிக்கிட்டே ஓட்டினேன்னு, அவர் சிரிச்சாருன்னு. எனக்கு அது ஒரு துளிகூட ஞாபகம் இல்ல. வெச்சிட்டா நல்லா இருக்கும்."

அவர் மறுத்துத் தலையை அசைத்தார். "பயத்தை இறக்கி வைக்கத்தான் நான் இருக்கேன். எதையும் உள்ள கொண்டுவந்து வைக்க மாட்டேன். அது நல்லதா இருந்தாலும் வைக்க மாட்டேன். ஏற்கெனவே ஒருத்தர் வெச்சதை எடுக்கத்தானே வந்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது கோபம் போய் மரியாதை வந்துவிட்டது.

மன்னித்துவிட்டேன் என்று கடிதத்தில் எழுத எனக்கும் கை வரவில்லை. ஆனால் உங்களை நான் மதிக்கிறேன். முன்பு பயந்தேன், அதை மதிப்பு என்று நினைத்திருந்தேன். இது வேறு.

அனார்குல்

~

நாரின்
12 ஜூன் 2013

அனார்குல்,

ஞாயிற்றுக்கிழமை மெலிஸின் பத்தாம் வருட நினைவு நாள். அன்று நடந்ததை மூன்றாம் நாளே எழுதுகிறேன், காரணம் உனக்குத் தெரியும்.

எண்ணெய் காய வைத்து போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்தோம். ஒரு ஆடு வெட்டினோம். குர்ஆன் ஓதி முடிந்தது. முப்பத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சைரா சித்தி வழக்கம்போல, "பூருல், அந்தப் பொண்ணு அன்னைக்கு எப்படிக் கதவைச் சாத்தினா..." என்று ஆரம்பித்தாள். கதை கேட்க எல்லோரும் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் படித்தேன். தேதியிலிருந்து கடைசி வரி வரைக்கும். வகுப்பில் படிக்கிற குரலில்தான் படித்தேன். "சத்தம் வராமல் சாத்தினாள்" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அந்த வரியிலிருந்து படித்தேன்.

அசன்பெக் மாமாதான் முதலில் பேசினார். "நீதானே பத்து வருஷமா கண்ணால பார்த்தேன்னு சொன்ன?"

"சொன்னேன்."

"இப்ப பார்க்கலைங்கிறியா?"

"மாமா, இப்பவும் கண்ணுல தெரியுது. ஆனா அது நடக்கலை. நடந்தது இந்தத் தாள்ல இருக்கு. என் தலைக்குள்ள இருக்கிறது நாம எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து செஞ்சது."

சைரா சித்தி விடுவாளா? "வயசாயிடுச்சு உனக்கு. புத்தி தடுமாறுது" என்றாள்.

"ஆமா, தடுமாறிச்சு. ஒன்பது வருஷம் முன்னாடியே தடுமாறிச்சு. இப்பதான் நேரா நிக்குது" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சைரா சித்தியும் கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒன்று சொன்னாள்: "நானும் அந்தச் சத்தத்தைக் கேட்ட மாதிரியே இருக்கு பூருல். ஆனா அன்னைக்கு நான் ஊருலயே இல்லையே."

எல்லோரும் போன பிறகு நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். உன்னை நினைத்துக்கொண்டேன். தலையிலும் இடுப்பிலும் அடிபட்டு எழுந்தவள். இந்தப் பழியைச் சுமந்துகொண்டே ஒரு குழந்தையை வளர்த்தாய், அவளை என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லாத பிள்ளையாக வளர்த்தாய். பிறகு ஒரு நாள், எல்லோருக்கும் சௌகரியமாக இருந்த ஒரு நினைவில் ஒரு பல் இடிக்கிறது என்று தைரியமாகக் கேட்டாய். என்னிடம் படித்தவர்களில் இப்படிக் கேள்வி கேட்டவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவன் இப்போது பேராசிரியர்.

ஜூலையில் பள்ளி விடுமுறை. பெர்மெத்தைக் கூட்டிக்கொண்டு வா. போம் வழியாக வர முடியாது என்றால் சொல், நானே இறங்கி வருகிறேன். நானும் பத்து வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை கேட்கிறேன். மன்னித்துவிடு.

பூருல் அக்கா

~

பிஷ்கெக்
4 ஆகஸ்ட் 2013

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக் கொடுத்த உலர்ந்த தயிர் உருண்டைகளைப் பெர்மெத் கோச்கோர் ஊரைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டாள். பத்து நாள் உங்களோடு இருந்துவிட்டு வந்ததில் "நிமிர்ந்து உட்காரு" என்று எனக்கே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

போகும்போது போம் பள்ளத்தாக்கில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டேன் இல்லையா? திரும்பும்போது திறந்து வைத்திருந்தேன். மாத்திரை போடவில்லை. அந்த வளைவு வந்தது. ஆறு பச்சையாக ஓடியது. எனக்குள் இத்தனை வருடம் ஓடிய ஆற்றைவிட அது ரொம்பச் சின்னது அக்கா. பெர்மெத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, வலிக்குது" என்றாள். விட்டுவிட்டேன். வளைவு முடிந்துவிட்டது.

கடைசி நாள் சமையலறையில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. பெர்மெத் கேட்டாள், "அத்தை, அம்மா அன்னைக்கு என்ன பாட்டுப் பாடினாங்க?" நீங்கள் மாவு பிசைந்துகொண்டிருந்தீர்கள். முகம் மலர்ந்தது. "அது வந்து..." என்று ஆரம்பித்தீர்கள். நானும் காத்திருந்தேன். நீங்கள் எந்தப் பாட்டைச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். ஒரு மாதத்தில் நானே அதைப் பாடியதாக எனக்கு ஞாபகம் வந்திருக்கும், மெட்டோடு. பெர்மெத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பாள். அவ்வளவு அழகான பொய்யாக இருந்திருக்கும்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். மாவை ஒரு முறை அழுத்திப் பிசைந்தீர்கள். பிறகு, "எழுதி வைக்கலை கண்ணு. அதனால எனக்குத் தெரியாது" என்றீர்கள்.

பெர்மெத்துக்கு ஏமாற்றம். எனக்கு அப்போது உங்கள் காலைத் தொட வேண்டும் போலிருந்தது. மன்னிப்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

செய்தி ஒன்று. பணிமனையில் ஓட்டுநர் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். முதல் நாள் காலி வண்டியை முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். நேராகவே ஓட்டினேன். மேற்பார்வையாளர், "உங்க கைக்கு இன்னும் பழக்கம் போகலை" என்றார். செப்டம்பர் இரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு எட்டாம் எண் தடத்தில் எனக்கு முதல் பயணம்.

நீங்கள் வர வேண்டும். என் பின்னால் முதல் இருக்கையில் உட்கார வேண்டும். வேகமாகப் போகிறேன் என்று பட்டால் எல்லோர் முன்னாலும் திட்டுங்கள். பயணம் முடிந்ததும் தேநீர் குடிப்பதற்கு முன்னால், யாரோடும் பேசுவதற்கு முன்னால், நீங்களும் நானும் பெர்மெத்தும் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்து, அன்று காலை நடந்ததை அன்றைக்கே எழுதி வைத்துவிடுவோம்.

உங்கள்
அனார்குல்